தாடை மூட்டில் சீழ்: வாசகர் கேள்விகள்

கேள்வி: அம்மாவுக்குச் சர்க்கரை நோய் உண்டு. நான்கு நாட்களாக வலது காதுக்கு முன்னால் வலி, வீக்கம், லேசான காய்ச்சல். வாய் ஒரு விரல் நுழையும் அளவுக்குத்தான் திறக்கிறது. பல்லில் கோளாறு இல்லையாம். வீட்டிலிருக்கும் ஆன்டிபயாடிக்கைக் கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். இன்றே தாடை அறுவை மருத்துவர் உள்ள மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். சாதாரணத் தாடை மூட்டு வலியில் காய்ச்சல் இருக்காது. சில நாட்களுக்குள் வலி ஏறி, வீங்கி, வாயும் பூட்டிக்கொண்டால் மூட்டில் சீழ் கோத்திருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். கோத்த நீர் தாடையைக் கீழே தள்ளுவதால் அந்தப் பக்கத்துக் கடைவாய்ப் பற்கள் சேராமல் நிற்பதும் ஓர் அடையாளம். காய்ச்சல் குறைவு என்று ஆறுதல் கொள்ளாதீர்கள். சர்க்கரை நோயாளிகளிடம் அது தலைகாட்டாமலே இருக்கலாம்.

ரத்தத்தில் வெள்ளணுக்களையும், அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி., இ.எஸ்.ஆர். அளவுகளையும் பார்ப்பார்கள். எக்ஸ்ரேயில் எலும்பு அரிப்பு தெரிய வாரங்கள் ஆகும். அது நன்றாக இருக்கிறதென்று வீடு திரும்புவதுதான் பலரும் செய்யும் தவறு. எம்.ஆர்.ஐ. மூட்டு நீரைக் காட்டும். மருந்து செலுத்தி எடுக்கும் சி.டி., காதிலிருந்தோ பல்லிலிருந்தோ பரவியதா என்பதைக் காட்டும். உறுதி செய்வது ஊசிதான். மேல் மூட்டறையிலிருந்து நீரை உறிஞ்சி கிராம் சோதனை (சாயமிட்டுக் கிருமியைப் பார்ப்பது), கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்ப்பது), அணு எண்ணிக்கை மூன்றுக்கும் அனுப்புவார்கள். படிகங்களையும் தேடச் சொல்லுங்கள். மூட்டில் யூரிக் அமிலப் படிகங்கள் சேரும் கவுட் நோயும் இதே வேஷம் போடும். முன்பே ஆன்டிபயாடிக் உள்ளே போயிருந்தால் கல்ச்சரில் கிருமி வளராமல் போகலாம். அதனால்தான் வேண்டாம் என்றேன். நோயாளி மிகவும் தளர்ந்திருந்தால் மட்டும், ரத்தக் கல்ச்சர் எடுத்த கையோடு மருந்தைத் தொடங்கிவிடுவார்கள்.

பெரும்பாலும் கிருமி ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ். அதற்கேற்ற மருந்தை ரத்தக்குழாய் வழியாக ஏற்றுவார்கள். மருந்து மட்டும் போதாது, சீழும் வெளியேற வேண்டும். ஓர் ஊசி வழியாக சலைன் உள்ளே, மற்றொன்றின் வழியாக வெளியே என்று மூட்டைக் கழுவுவார்கள். சீழ் கெட்டியாகியிருந்தாலோ மீண்டும் கோத்தாலோ ஆர்த்ரோஸ்கோப்பி (சிறு துளை வழியே கேமராக் குழாய் செலுத்திச் செய்வது) அல்லது திறந்த அறுவை தேவைப்படும்.

கேள்வி: மூட்டைக் கழுவி 10 நாட்கள் ஆகின்றன. வலியே இல்லை. மருந்தை நிறுத்தலாமா? வாயைத் திறந்து மூடும் பயிற்சி அவசியமா?

பதில்: நிறுத்த வேண்டாம். ஊசியும் மாத்திரையுமாகச் சிகிச்சை வழக்கமாக 4 முதல் 6 வாரம் நீளும், சி.ஆர்.பி. இறங்குவதைப் பார்த்து மருத்துவர் முடிவு செய்வார். கடும் அழற்சி தணிந்ததும் பயிற்சியைத் தள்ளிப்போடாதீர்கள். அசையாத மூட்டில் நார்த்திசு படர்ந்து, பிறகு எலும்பே ஒட்டிக்கொள்ளும். மேல், கீழ் முன்பற்களுக்கு இடையே 35 மி.மீ.க்குக் குறையாத திறப்பு வேண்டும். வாரந்தோறும் ஸ்கேலால் அளந்து குறித்து வையுங்கள். அளவு சுருங்கினாலோ காய்ச்சல் திரும்பினாலோ உடனே மருத்துவரிடம் போங்கள். குழந்தைகளுக்கு வந்திருந்தால் தாடை ஒரு பக்கம் வளராமல் முகம் கோணலாம். வளர்ச்சி முடியும்வரை தொடர்ந்து காட்ட வேண்டும்.