சொரியாசிஸுக்கு மீன் எண்ணெய் மாத்திரை மட்டும் போதுமா?

ஆயின்மென்ட்டை நிறுத்திவிட்டு மீன் எண்ணெய் மாத்திரைக்கு மாறலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பல வருடமாக முழங்கையிலும் தலையிலும் சொரியாசிஸ் என்ற தோல் அழற்சி நோய் உள்ளவன் நான். தயவுசெய்து நிறுத்தாதீர்கள்.

இந்த யோசனை சும்மா கிளம்பியதில்லை. சொரியாசிஸ் திட்டுகளில் அராகிடோனிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம் மிக அதிகமாக இருப்பதை 1975-லேயே கண்டுபிடித்தார்கள். உடல் ஒரு நொதியின் உதவியால் அதிலிருந்துதான் லூக்கோட்ரையீன் பி4 என்ற பொருளைத் தயாரிக்கிறது. வெள்ளணுக்களைத் தோலுக்கு இழுத்து வந்து அழற்சியைக் கிளப்புவதில் அதற்குப் பங்குண்டு. மீன் எண்ணெயில் இருக்கும் இ.பி.ஏ. என்ற ஒமேகா-3 கொழுப்பு அமிலம் அதே நொதியைப் பிடித்துக்கொள்ளப் போட்டி போடும். அப்போது உருவாகும் லூக்கோட்ரையீன் பி5-க்கு அவ்வளவு வீரியம் கிடையாது. சீலும் மீனும் தின்று வாழ்ந்த கிரீன்லாந்து மக்களிடம் சொரியாசிஸ் அரிது என்ற கணக்கும் 1980-ல் வந்தது. எல்லாம் கச்சிதமாகப் பொருந்துகிற மாதிரிதான் இருந்தது.

நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது அப்படி அமையவில்லை. 1988-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த பிரிட்டிஷ் ஆய்வில் 8 வாரத்தில் அரிப்பு, சிவப்பு, செதில் குறைந்தன. ஆனால் மொத்தமே 28 பேர். 1993-ல் நார்வேயில் 145 பேரை வைத்து 4 மாதம் நடத்திய ஆய்வில், தினம் 6 கிராம் ஒமேகா-3 எடுத்தவர்களுக்கும் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகச் சோள எண்ணெய் எடுத்தவர்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. நான் பெரிய ஆய்வைத்தான் நம்புவேன்.

அளவையும் பாருங்கள். அந்த 1988 ஆய்வில் தினம் 10 மாத்திரை, அதாவது 1.8 கிராம் இ.பி.ஏ. மெடிக்கலில் கிடைக்கும் சாதாரண 1000 மி.கி. மாத்திரையில் இ.பி.ஏ. சுமார் 180 மி.கி.தான். தினம் ஒன்று போட்டால் பத்தில் ஒரு பங்கு. அதற்காக நீங்களாகவே பத்து விழுங்கவும் வேண்டாம், முக்கியமாக ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவராக இருந்தால்.

எனக்கும் மாத்திரையால் திட்டுகள் மறையவில்லை. களிம்பும் ஒளி சிகிச்சையும்தான் அடக்கின. ஆனாலும் மத்தி மீன் அடிக்கடி சாப்பிடுகிறேன். நம்மைப் போன்றவர்களுக்கு இதய நோய் வரும் வாய்ப்பு அதிகம், அதற்காக. மீன் தின்றால் கரப்பான் என்ற தோல் நோய் கூடும் என்று ஊரில் சொல்வார்கள். எனக்கு அப்படி ஒருபோதும் ஆனதில்லை.

இன்னொன்று, இதை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள். மீன் எண்ணெயும் மீன் ஈரல் எண்ணெயும் ஒன்றல்ல. காட் லிவர் ஆயிலில் வைட்டமின் ஏ நிறைய உண்டு. சொரியாசிஸுக்குக் கொடுக்கும் அசிட்ரெடின் மாத்திரையும் வைட்டமின் ஏ வகையைச் சேர்ந்ததே. இரண்டையும் சேர்த்து எடுத்தால் உடம்பில் நச்சாகிவிடலாம். டப்பாவில் எது எழுதியிருக்கிறது என்று இன்றே பார்த்துவிடுங்கள்.