நாய் என்று சொன்னால் எப்போது கோபப்படுவது?

தாரமங்கலத்துத் தம்பிக்கு,

ஆஸ்திரேலியாவில் பெர்த்துக்கு வந்து மூன்று வாரம்தான் ஆகிறது, வேலை பார்க்கும் வெல்டிங் ஷாப்பில் அதற்குள் நான்கு முறை 'நாய்' காதில் விழுந்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். சூப்பர்வைசர் "டாக்கிங் டிக்கெட் எடு" என்கிறார். நீங்கள் போட்ட வெல்டைப் பார்த்து ஒருவர் "டாக்ஸ் பிரேக்ஃபஸ்ட்" என்றார். மதியம் இன்னொருவர் "டாக்ஸ் ஐ வாங்கப் போறேன், உனக்கும் வேணுமா" என்று கேட்டார். அப்புறம் இரண்டு பேர் முறைத்துக்கொண்டபோது "டாக் ஆக்ட்" என்று ஒரு சத்தம். எதற்குக் கோபப்பட வேண்டும், எதை விட்டுவிடலாம் என்று கேட்கிறீர்கள். வரும்போது சேலத்து மாம்பழம் கொண்டுவர முடியுமா என்றும் ஒரு வரி.

நான் இப்போது ஆடித் திருவிழாவுக்காகச் சேலம் சூரமங்கலத்தில் அம்மா வீட்டில் இருக்கிறேன். திண்ணையில் உட்கார்ந்து எழுதுகிறேன், தெருமுனையில் நாலு நாய் சண்டை போடுகிறது. உங்கள் கேள்விக்குப் பொருத்தமான இடம்தான்.

உங்கள் நான்கில் கடைசியாகச் சொன்னதுதான் கனமானது. அதை நான் அடிபட்டுத் தெரிந்துகொண்டேன்.

நான் பெர்த்துக்கு வந்த முதல் வருஷம், என் பக்கத்தில் வேலை பார்த்த ஒருவரோடு நன்றாக ஒட்டிக்கொண்டேன். நம்மூரில் நெருக்கமானவனை "எங்கடா போன நாயே" என்று கூப்பிடுவோம் அல்லவா? ஒருநாள் காலையில் அவர் தாமதமாக வந்தார். அதே பாசத்தில், அதை அப்படியே இங்கிலீஷில் போட்டு, "யூ டாக்" என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். அவர் முகம் கறுத்துப் போனது. மூன்று வாரம் என்னோடு பேசவில்லை, டீ நேரத்தில் மேசை மாறி உட்கார்ந்தார்.

வயதான லீடிங் ஹேண்ட், அதாவது எங்கள் குழுவை முன்னின்று நடத்தும் தொழிலாளி, ஒருவர்தான் தனியாகக் கூப்பிட்டு விளக்கினார். ஆஸ்திரேலியாவில் ஒரு ஆளைப் பார்த்து டாக் என்றால் காட்டிக் கொடுப்பவன் என்று அர்த்தம். சிறைச்சாலைப் பேச்சில் போலீசுக்குத் துப்புக் கொடுப்பவனுக்கு அதுதான் பெயர். அந்த வாரம்தான் ஒருவன் உயரத்தில் பெல்ட் மாட்டாமல் வேலை செய்ததை யாரோ ஆபீசில் சொல்லியிருந்தார்கள். என் பக்கத்து ஆள்தான் சொன்னார் என்று பாதிப் பேர் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்த நேரத்தில் நான் போய் எல்லோர் முன்னாலும் அந்த வார்த்தையை எறிந்திருக்கிறேன்.

எனக்கு இதில் இன்றும் ஆச்சரியம் ஒன்று உண்டு. நாம் நாய் என்று திட்டும்போது கேவலம், கடைநிலை என்றுதான் நினைக்கிறோம். நாய்ப் பிழைப்பு, நாய் படாத பாடு எல்லாம் அந்த வகை. மாணிக்கவாசகர் சிவன் முன்னால் தன்னைத் தாழ்த்திச் சொல்ல நாயைவிடக் கீழானவன் என்றுதான் பாடினார். ஆனாலும் நன்றி என்றால் நமக்கு நாய்தான். பைரவருக்கு வாகனம் என்று ஒரு மரியாதையும் தனியே இருக்கிறது. எவ்வளவு திட்டினாலும் நாயைத் துரோகி என்று தமிழன் சொல்லமாட்டான். ஆஸ்திரேலியாவில் நாயைக் காரின் முன் சீட்டில் உட்கார வைத்துக்கொண்டு போகிறார்கள், ஆட்டுப் பண்ணையில் அது ஒரு தொழிலாளி மாதிரி, ஆனால் திட்டு என்று வந்தால் துரோகத்துக்கு அதன் பெயர். டாக் ஆக்ட் என்பதும் அந்த வம்சம்தான்: முதுகில் குத்துகிற, கூடவே இருப்பவனை மாட்டிவிடுகிற காரியம்.

ஆகையால் நான் வைத்திருக்கும் கணக்கு இது. டாக் தனியாக, ஒரு ஆளைக் குறிவைத்து வந்தால் நிமிர்ந்து கவனியுங்கள். வேறொரு சொல்லோடு ஒட்டிக்கொண்டு வந்தால் பெரும்பாலும் ஆபத்தில்லை, டாக் ஆக்ட் மாதிரி ஒன்றிரண்டு தவிர. நீங்களாக யாரையும் அப்படிக் கூப்பிடவே வேண்டாம், சிரித்துக்கொண்டுகூட.

டாக்ஸ் பிரேக்ஃபஸ்ட் என்றால் அலங்கோலம், குப்பை மாதிரி கிடக்கிறது என்று பொருள். வெல்டைத்தான் சொன்னார். கிரைண்டர் எடுத்து அரைத்துவிட்டு மறுபடி போடுங்கள்.

டாக்ஸ் ஐ சாப்பாட்டு விஷயம். கண் என்று பொருள்படும் 'ஐ' என்ற சத்தத்தோடு 'பை' எதுகை போடும், அதனால் மாவுக்குள் கறி வைத்துச் சுட்ட 'பை' என்ற பண்டத்துக்கு அந்தப் பெயர். மேலே ஊற்றும் தக்காளி சாஸுக்கு டெட் ஹார்ஸ் என்பார்கள், 'ஹார்ஸ்', 'சாஸ்' எதுகை. நாயின் கண்ணும் செத்த குதிரையும் சாப்பிடக் கூப்பிட்டால் பயப்படாமல் போங்கள். பெரும்பாலும் உள்ளே மாட்டுக்கறிதான் இருக்கும். சாப்பிடமாட்டீர்கள் என்றால் அதை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இன்னொன்றும் சீக்கிரம் கேட்பீர்கள். "ஒரு நாய் விஷயமா ஒருத்தரைப் பார்க்கணும்" என்று சொல்லிவிட்டு ஒருவர் எழுந்து போவார். பாத்ரூம் போகிறார், அல்லது எங்கே போகிறார் என்று சொல்ல விருப்பமில்லை, அவ்வளவுதான். நான் மறுநாள் "என்ன ஜாதி நாய் வாங்கினீங்க" என்று விசாரித்தவன்.

இப்போது டாக்கிங். சூப்பர்வைசர் அப்படிச் சொன்னது உங்கள் மேல் நம்பிக்கை வந்துவிட்டது என்பதற்கு அடையாளம். கிரேனில் சுமை கட்டி, சுமையைத் தூக்கும் கயிறோ சங்கிலியோ ஆன சிலிங்கையும் அதை மாட்டும் இரும்பு வளையமான ஷேக்கிளையும் சோதித்து, ஆப்பரேட்டருக்குச் சுமை கண்ணில் படாதபோது சைகை கொடுத்து இறக்குகிற ஆளுக்கு அங்கே டாகர், டாக்மேன் என்று பெயர். நம்மூர் யார்டில் கலாசி செய்கிற வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். 1950, 60களில் சிட்னியில் உயரக் கட்டடங்கள் எழும்பியபோது இந்த டாக்மேன்கள் தொங்குகிற சுமை மேலேயே நின்று சவாரி போவார்களாம். இப்போது யாரும் விடமாட்டார்கள்.

பெயரில் நாய் இருப்பதற்காகக் கூச்சப்பட வேண்டாம். பட்டறையில் கவ்விப் பிடிக்கிற இரும்புக்கெல்லாம் இங்கிலீஷில் டாக் என்று பெயர் உண்டு. லேத்தில், அதாவது கடைசல் இயந்திரத்தில், இரண்டு சென்டருக்கு நடுவே கடைய வேண்டிய துண்டைப் பிடித்துச் சுற்றவைக்கும் கேரியர் இருக்கிறதே, அதற்கு இன்னொரு பெயர் லேத் டாக். பைக் கியர்பாக்ஸைத் திறந்தால் ஒரு பல்சக்கரத்தின் பக்கவாட்டில் துருத்தி நிற்கும் முட்டுகள் அடுத்த சக்கரத்தின் குழியில் போய் மாட்டும். அவையும் டாக்தான். கவ்வினால் விடாது, அந்த நாய்க் குணம்தான் பெயர்.

டிக்கெட் என்று அவர் சொன்னது இந்த வேலைக்கான லைசென்ஸைத்தான். அது இல்லாமல் சிலிங் போடப் போகாதீர்கள், அவசரம் என்று யார் சொன்னாலும். ஹை ரிஸ்க் லைசென்ஸ் வகையில் வருகிறது, 5 வருஷம் செல்லும், ஆஸ்திரேலியா முழுக்க ஒத்துக்கொள்வார்கள். தேர்வில் கணக்குதான் ஆளைக் கவிழ்க்கும். இரண்டு கால் சிலிங்கின் இடைக்கோணம் 60 பாகை என்றால் ஒரு கால் தாங்கும் எடையை 1.73ஆல் பெருக்க வேண்டும். 90 பாகைக்கு 1.41. 120 பாகைக்கு வெறும் 1, அதாவது இரண்டு கால் இருந்தும் ஒரு காலின் பலம்தான். அனுபவமுள்ள கலாசி இதைக் கண்ணால் பார்த்தே சொல்லிவிடுவார், அங்கே தாளில் எழுதிக் காட்ட வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. பின்னால் இங்கிலாந்துக்கு விண்ணப்பம் போட்டால் பயோடேட்டாவில் டாக்கிங் என்று எழுதிவிடாதீர்கள். அங்கே அந்தச் சொல்லுக்கு இருக்கும் அர்த்தத்தை நான் அம்மா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு எழுத முடியாது. சிலிங்கர் சிக்னலர் என்று போடுங்கள், அதே வேலைக்கு அங்கே அதுதான் பெயர்.

டாக் டேஸ் என்று படிக்க நேர்ந்தால் அது நம் கத்திரி வெயில் மாதிரி ஒரு சொல். சிரியஸ் என்கிற நாய் நட்சத்திரம் சூரியனோடு உதிக்கும் ஜூலை, ஆகஸ்ட் சூட்டுக்கு ஐரோப்பாவில் வைத்த பெயர். ஏறக்குறைய நம் ஆடி மாதம். பெர்த்தில் அப்போது குளிர்கால மழை கொட்டும், அதனால் ஷாப்பில் அதிகம் கேட்கமாட்டீர்கள். டாக்லெக் என்றால் ஒடிந்து திரும்பும் வளைவு. ஏற்காடு ஏறும்போது வரும் 20 கொண்டை ஊசிகளுக்கு அந்தப் பெயர் போதாது, அது சும்மா ஒரு திருப்பம்தான்.

மாம்பழம் மட்டும் கேட்காதீர்கள் தம்பி. போன தடவை அம்மா தெரியாமல் பையில் ஒரு கட்டு கறிவேப்பிலை வைத்துவிட்டாள். பெர்த் ஏர்போர்ட்டில் மோப்ப நாய் வந்து என் பை பக்கத்தில் அமைதியாக உட்கார்ந்தது. குரைக்கவில்லை, கடிக்கவில்லை, உட்கார்ந்தது, அவ்வளவுதான். காட்டிக் கொடுத்துவிட்டது.