வாஷிங்டனின் கோ-கோ இசை – கடிதம்

அன்புள்ள ஐயா,

வாஷிங்டன் நகரத்துக் கறுப்பின மக்களின் நடன இசையான கோ-கோ பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு ஜங்க்யார்ட் பேண்ட் குழுவின் ‘சார்டீன்ஸ்’ பாட்டைத் தேடிக் கேட்டேன். தாளம் பிடித்தது, ஆனால் சீக்கிரமே அலுத்துவிட்டது. இத்தனை ஆண்டுகளாகியும் ஓர் ஊரைத் தாண்டாத இசையில் ஏதோ குறை இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

– ஒரு வாசகி, கோவை

அன்புள்ள வாசகிக்கு,

அடியோடு தாண்டவில்லை என்று சொல்ல முடியாது. கோ-கோவின் தந்தை எனப்படும் சக் பிரவுனின் ‘பஸ்டின் லூஸ்’ பாட்டு 1979-லேயே அமெரிக்க ஆர்&பி (ரிதம் அண்ட் ப்ளூஸ்) பாட்டுப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. ஆனால் கோ-கோவை ரெக்கார்டில் கேட்டு எடை போடக் கூடாது.

70களில் டிஸ்கோ வந்தது. டிஜேக்கள் இடைவெளியே விடாமல் பாட்டுகளை ஓட்டினார்கள், கிளப்புகளில் இசைக்குழுக்களுக்கு வேலை குறைந்தது. சக் பிரவுன் என்ன செய்தார் என்றால், பாட்டு முடிந்த பிறகும் டிரம்ஸையும் கையால் தட்டும் காங்கா முழவையும் நிறுத்தவிடவில்லை. அந்தத் தாளத்தின் மேலேயே கூட்டத்தோடு பேசுவார், கூட்டம் திருப்பிக் கத்தும், அப்படியே அடுத்த பாட்டு தொடங்கிவிடும். ஆடுகிறவர்களுக்கு உட்கார நேரமே கிடைக்காது.

எனக்கு அந்தப் பேச்சுதான் இந்த இசையின் உயிர். வந்திருப்பவர்கள் எந்தப் பேட்டை, யாருக்குப் பிறந்தநாள் என்று மைக்கில் பெயர் சொல்லி அழைப்பார்கள். அதை வெட்டி நாலு நிமிடப் பாட்டாக்கினால் என்ன மிஞ்சும்? அந்த ஊர்க்காரர்கள் நிகழ்ச்சியின்போதே பதிவான ‘பி.ஏ. டேப்’ கேசட்டுகளைத் தேடித் தேடி வாங்கியது இதனால்தான்.

ஜங்க்யார்ட் பேண்டையே பாருங்கள். பேரி ஃபார்ம் என்ற அரசுக் குடியிருப்பின் சிறுவர்கள் 1980-ல் தொடங்கிய குழு அது. வாத்தியம் வாங்கக் காசில்லை. பிளாஸ்டிக் வாளியையும் தகர டப்பாவையும் தட்டியே தாளம் பிடித்தார்கள். 1986-ல் டெஃப் ஜாம் நிறுவனம் வெளியிட்ட ‘சார்டீன்ஸ்’ அந்தப் பையன்களுடையதுதான். அந்தப் பழைய குடியிருப்பின் பெரும்பகுதியை இப்போது இடித்துவிட்டார்கள்.

2019-ல் வாஷிங்டனின் ஷா பகுதியிலிருந்த செல்போன் கடை ஒன்று வாசலில் பல வருடங்களாக ஒலிக்கவிட்ட கோ-கோவை, பக்கத்தில் புதிதாக எழுந்த அடுக்குமாடியிலிருந்து வந்த புகாரால் நிறுத்த வேண்டியதாயிற்று. அதை எதிர்த்து ஊரே தெருவுக்கு வந்து ஆடியது. சில நாட்களில் பாட்டு திரும்பியது. 2020-ல் கோ-கோவை நகரின் அதிகாரபூர்வ இசையாக்கிச் சட்டமே போட்டார்கள். ஓர் இசைக்கு இதைவிடப் பெரிய வெற்றி வேறென்ன?

சரி, ரேர் எசென்ஸ் என்ற கோ-கோ குழுவின் நேரடி நிகழ்ச்சிப் பதிவான ‘லைவ் அட் பிரீஸஸ் மெட்ரோ கிளப்’ கேளுங்கள். இயர்போன் வேண்டாம், பெரிய ஸ்பீக்கரில், எழுந்து நின்று. நடுவில் பாட்டை மாற்றாதீர்கள்.