இரணியல் ஸ்டேஷன் பக்கம் வீடு: வாங்கும் முன்

அண்ணாச்சி, வேலை திருவனந்தபுரத்தில், குமரி மாவட்டத்து இரணியல் ஸ்டேஷனுக்கு நடக்கிற தூரத்தில் வீடு, வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வாங்கலாம், ஆனால் வீட்டுக்கு முன்னால் ரயிலைப் பாருங்கள். இந்த நாகர்கோவில்-திருவனந்தபுரம் தடத்தில் ஓடும் எல்லா வண்டியும் இரணியலில் நிற்காது. உங்கள் வேலை நேரத்துக்கு ஒரே வண்டிதான் ஒத்துவரும் என்றால், அது தவறும் நாளில் பஸ்தான். பஸ் போகும் வழியில் மேம்பாலம் வந்தும் மார்த்தாண்டம் நெரிசல் தெரியும்தானே! சாயங்காலம் திரும்பும் வண்டி அதைவிட முக்கியம். சில மாதம் அங்கேயே வாடகைக்கு இருந்து சீசன் டிக்கெட்டில் போய்வந்து பாருங்கள்.

1979-ல் திறந்த ஒற்றைப் பாதையை இரட்டையாக்கும் பணி நடக்கிறது. தண்டவாளத்தை ஒட்டிய மனை என்றால் நிலமெடுப்பில் வருகிறதா என்று சர்வே எண்ணை வைத்து விசாரியுங்கள். அப்புறம், சித்திரையில் கிணற்றில் தண்ணீர் நிற்குமா என்று பக்கத்து வீட்டில் கேளுங்கள், தரகர் சொல்லமாட்டார்.