கில்வா இடிபாடுகள்: ஒரே நாளில் பார்த்துத் திரும்ப முடியுமா?

வேலைக்காகத் தான்சானியாவின் தார் எஸ் சலாம் நகருக்குப் போகிற ஒரு வாசகர், கடைசி இரண்டு நாளில் அம்மாவையும் கூட்டிக்கொண்டு பழைய வணிக நகரத்தின் இடிபாடுகள் இருக்கும் கில்வா கிசிவானித் தீவைப் பார்க்க நினைக்கிறார். ஒரு நாள் போதுமா, அம்மாவுக்கு முழங்கால் வலி, சமாளிப்பாரா என்று கேட்டிருக்கிறார்.

ஒரு நாள் போதாது. தெற்கே சுமார் 300 கிலோமீட்டர், சாலையிலேயே பாதி நாள் போய்விடும். முதல் நாள் போய்த் தங்கி, மறுநாள் காலையில் தீவைப் பார்த்துவிட்டு மதியம் கிளம்புங்கள். கில்வா என்ற பெயரில் மூன்று ஊர் உண்டு, பஸ்ஸில் ஏறும்போது கவனம்: நீங்கள் இறங்க வேண்டியது கில்வா மசோகோ. கிவிஞ்சே வேறு ஊர், கிசிவானிதான் தீவு. அனுமதிச் சீட்டையும் வழிகாட்டியையும் மசோகோவிலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

படகு நேரத்தை ஓதம் (கடல் ஏறி இறங்கும் நேரம்) பார்த்து முடிவு செய்யுங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி அங்கே கடல் மூன்று மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும். வற்றும் நேரத்தில் போனால் முழங்கால் தண்ணீரில் இறங்கி நடக்க வேண்டியிருக்கும், அம்மாவுக்கு அது ஆகாது. இன்னொன்று, அங்கே பேசும் ஸ்வாஹிலி மொழியில் மணியை விடியலிலிருந்து எண்ணுவார்கள். படகுக்காரர் "சா ம்பிலி", அதாவது இரண்டு மணி என்றால் அது காலை 8 மணி! மதியம் போய் நின்றால் படகு இருக்காது.

கரையேறியதும் கெரேசா கோட்டை, அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் பெரிய பள்ளிவாசல். அதன் பழைய பகுதி 11ஆம் நூற்றாண்டு, குவிமாடப் பகுதி 14ஆம் நூற்றாண்டு. சுவரெல்லாம் பவளக்கல்லும் சுண்ணாம்பும். இன்றைய மொசாம்பிக் கரையில் இருந்த சோஃபாலாவிலிருந்து வந்த தங்கத்தின் வியாபாரம் இந்த ஊர் வழியாகத்தான் நடந்தது, 1331இல் மொராக்கோ பயணி இப்னு பதூதா வந்தபோது ஊர் நல்ல செழிப்பில் இருந்தது. அப்போதைய சுல்தான் அல் ஹசன் இப்னு சுலைமான் கட்டிய ஹுசுனி குப்வா அரண்மனை, கடலைப் பார்த்த மேட்டில், எண்கோணக் குளத்தோடு இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்தது அதுதான், ஆனால் நடை அதிகம், ஏற்றமும் உண்டு. அம்மா பள்ளிவாசல் பக்கம் நிழலில் உட்காரட்டும், நீங்கள் மட்டும் போய் வாருங்கள். தீவில் மக்கள் வாழ்கிறார்கள், முஸ்லிம் கிராமம், தோளும் முழங்காலும் மூடிய உடை போடுங்கள்.

பக்கத்துத் தீவில் இடிபாடுகள் உள்ள சோங்கோ ம்னாராவை இந்தப் பயணத்தில் விட்டுவிடலாம், அங்கே அலையாத்திச் சேற்றில் நடக்க வேண்டும். மார்ச் முதல் மே வரை பெருமழைக் காலம். உங்கள் பயணம் அப்போது என்றாலோ, அம்மாவுக்குப் படகே வேண்டாம் என்றாலோ, பகமோயோ ஊர்ப் பக்கம் இருக்கும் காவோலே இடிபாடுகளுக்குப் போய்விடுங்கள். பழைய பள்ளிவாசலும் தூண் வைத்த கல்லறைகளும் இருக்கின்றன, தார் எஸ் சலாமிலிருந்து காரிலேயே போய் அன்றைக்கே திரும்பிவிடலாம்.