ஒரே சார்ஜில் மின்சார மோட்டார் சைக்கிளில் அதிகத் தூரம் போக என்ன செய்ய வேண்டும்?

நிறுவனம் சொன்ன தூரத்தில் பாதிக்குச் சற்று மேல்தான் கிடைக்கிறது, பேட்டரி பழுதாகியிருக்குமோ என்று அச்சமாக இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். வண்டி வாங்கி ஓராண்டுக்கு மேல் ஆகியிருக்கும் என்றும், அன்றாடம் நெரிசல் இல்லாத நேர்சாலையில் போய் வருகிறீர்கள் என்றும் ஊகிக்கிறேன். அப்படியானால் பேட்டரியைச் சந்தேகிப்பதற்கு முன் வேகமானியைப் பாருங்கள். இதே அச்சத்தோடு இரண்டு மாதம் அலைந்தவன் நான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

என் வண்டியின் பேட்டரியில் பயன்பாட்டுக்குக் கிடைப்பது ஏறத்தாழ 4 கிலோவாட்மணி, அதாவது 4,000 வாட்மணி மின்னாற்றல். வேலைக்குப் போய்த் திரும்ப 64 கிலோமீட்டர். முதல் ஆண்டு முழுவதும், மாலையில் வீடு வந்து சேரும்போது திரையில் 44 விழுக்காட்டை ஒட்டி மீதியிருக்கும். பிறகு நான் போகும் வழியில் புறவழிச்சாலை திறந்தார்கள். மொத்தத் தூரம் மாறவில்லை. ஆனால் ஒரு பக்கத்துக்கு 17 கிலோமீட்டர் சிக்னலே இல்லாமல் போகலாம். பல ஆண்டுகள் பெட்ரோல் வண்டி ஓட்டிய பழக்கத்தில், நிற்காமல் ஒரே சீராகப் போனால் மைலேஜ் கூடும் என்று நம்பி, அந்தச் சாலையில் 75 கிலோமீட்டர் வேகத்தில் போய்வரத் தொடங்கினேன். அந்த வாரமே மாலை மீதி 23 விழுக்காடாகக் குறைந்துவிட்டது.

இரண்டு சர்வீஸ் மையங்களில் காட்டினேன். இரண்டிலும் ஒரே பதில்: "பேட்டரி தேஞ்சு போச்சு சார், மாத்தினாத்தான் சரியாகும்." என்ன வேகத்தில் ஓட்டுகிறீர்கள், வழி ஏதும் மாறியதா, டயரில் காற்று எவ்வளவு இருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. வண்டியிலேயே விலை கூடிய பாகத்தை மாற்றச் சொல்கிறவர்கள், அதற்கு முன் இந்த மூன்று கேள்விகளையாவது கேட்டிருக்க வேண்டும் என்ற வருத்தம் எனக்கு இன்றும் இருக்கிறது.

கண் திறந்தது ஒரு மாலைப் பொழுதில். எதிர்க்காற்று பலமாக இருந்தது. வழியில் இன்னோர் இடத்துக்கும் போய்விட்டு வந்தேன். வீட்டுக்கு இன்னும் 6 கிலோமீட்டர் இருக்கும்போது திரையில் 3 விழுக்காடு; வண்டி தானாகவே சக்தியைக் குறைத்துக்கொண்டு, ஆக்சிலேட்டரை எவ்வளவு திருகினாலும் 25, 30க்கு மேல் போக மறுத்தது. தள்ளிக்கொண்டுதான் போக வேண்டியிருக்கும் என்று நினைத்தேன். பாலத்தில் ஏறி இறங்கியபோது 2. வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியபோது திரையில் 1 என்று இருந்தது. அதே 3 விழுக்காடு, அதாவது 120 வாட்மணி, 75இல் போயிருந்தால் இரண்டு கிலோமீட்டருக்குத்தான் வந்திருக்கும். தேய்ந்துபோன பேட்டரி அன்று என்னை 6 கிலோமீட்டர் எப்படிக் கொண்டுவந்து சேர்த்தது?

அடிமட்டத்தில் திரை காட்டும் விழுக்காட்டை நம்ப முடியாது என்று சிலர் சொல்வீர்கள். சரிதான். அதனால்தான் அந்த ஒரு நாளை மட்டும் வைத்து முடிவு செய்யாமல், அடுத்த இரண்டு வாரம் புறவழிச்சாலையில் 60ஐத் தாண்டாமல் ஓட்டி, தினமும் வீட்டுக்கு வந்ததும் மீதியைக் குறித்துவைத்தேன். 23 ஆக இருந்தது 38 ஆனது. இதற்காக நான் இழந்த நேரம் ஒரு பக்கத்துக்கு மூன்றரை நிமிடம்கூட இல்லை.

காரணம் காற்று. வண்டியை எதிர்க்கும் காற்றின் விசை வேகத்தின் இருமடிக்கு, அதாவது வேகத்தை வேகத்தாலேயே பெருக்கி வருவதற்கு, ஏற்பக் கூடுகிறது. 60இலிருந்து 75க்குப் போனால், ஒவ்வொரு கிலோமீட்டரிலும் காற்றை விலக்குவதற்கு மட்டும் ஒன்றரை மடங்குக்கு மேல் ஆற்றல் செலவாகும்; 90க்குப் போனால் இரண்டேகால் மடங்கு. 20 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்க்காற்று அடித்தால், 60இல் போகும் வண்டியும் 80இல் போகும்போது சந்திக்கும் எதிர்ப்பையே சந்திக்கிறது. மோட்டார் சைக்கிளும் அதில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் ஆளும் சேர்ந்த வடிவம் காற்றைக் கிழித்துப் போக ஏற்றதல்ல. மேற்சட்டையின் ஜிப்பை மூடிக்கொள்வதும், தேவையில்லாத நாளில் பக்கப் பெட்டிகளைக் கழற்றி வைப்பதும் அதனால்தான் பலன் தருகின்றன.

பெட்ரோல் வண்டியில் இது நமக்குத் தெரிந்ததே இல்லை. ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 9 கிலோவாட்மணி ஆற்றல் இருக்கிறது. என் பேட்டரி முழுவதையும் சேர்த்தாலும் அரை லிட்டர் பெட்ரோலுக்கு ஈடாகாது. அந்த ஆற்றலில் பெரும்பகுதியை எஞ்சின் வெப்பமாகவே வீணாக்குகிறது. ஊருக்குள் சிக்னலில் நின்றாலும் எரிபொருள் எரிந்துகொண்டே இருப்பதால், நெடுஞ்சாலையில் மைலேஜ் கூடுவதுபோலத் தெரிகிறது. மின்மோட்டார் நின்றால் மின்சாரம் எடுக்காது. எனவே நிலைமை இங்கே தலைகீழ். ஊருக்குள் சுற்றும்போது கிடைக்கும் தூரம், தடையில்லாத சாலையில் விரையும்போது கிடைக்காது.

அடுத்து டயர். அதில் கிடைப்பது வேகத்தைக் குறைப்பதால் கிடைப்பதைப் போலப் பெரிதல்ல. என் பின்டயரில் காற்று இருக்க வேண்டிய அளவில் முக்கால் பங்குதான் இருந்தது. சரிசெய்தபின் மாலை மீதி ஒன்றிரண்டு விழுக்காடு கூடியது. ஓடிச் சூடான டயரில் அழுத்தம் கூடுதலாகக் காட்டும் என்பதால், காலையில் வண்டியை எடுக்குமுன் அளந்து பாருங்கள். சக்கரத்தைத் தரையிலிருந்து உயர்த்திக் கையால் சுற்றியும் பார்க்க வேண்டும். பிரேக் உரசினால் சில சுற்றுகளிலேயே நின்றுவிடும்.

பிரேக் பிடிக்கும்போது மின்சாரம் திரும்பிப் பேட்டரிக்குப் போகும் வசதியைப் பலர் பெரிதாக நம்புகிறார்கள். ஆளோடு சேர்த்து 200 கிலோ எடையுள்ள வண்டி 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போது அதில் இருக்கும் இயக்க ஆற்றல் 8 வாட்மணிகூட இல்லை. அது முழுவதும் திரும்பி வந்தாலும் அதே வேகத்தில் கால் கிலோமீட்டர்கூடப் போக முடியாது. உண்மையில் அதில் ஒரு பகுதிதான் வரும். முன்னே சிவப்பு விளக்கைக் கண்டவுடன் ஆக்சிலேட்டரைத் தளர்த்தி வண்டியை அதன் போக்கில் ஓடவிடுவது, விரைந்து போய்ப் பிரேக் பிடித்து மின்சாரத்தை மீட்பதைவிட எப்போதும் மேல். ஈகோ மோடும் தன்னளவில் பெரிய மாயம் எதுவும் செய்துவிடாது; நாம் வேகமாகப் போவதை அது தடுக்கிறது, அதனால் சேமிக்கிறது.

ஒன்றைக் கண்டிப்பாகச் செய்யாதீர்கள். சார்ஜை மிச்சம் பிடிக்க முகப்பு விளக்கை அணைக்கச் சொல்லும் அறிவுரையைப் பார்த்திருக்கிறேன். எல்.இ.டி. விளக்கு ஒரு மணி நேரம் எரிய 20 வாட்மணி போல எடுக்கும் என்று வையுங்கள்; அதே ஒரு மணி நேரத்தில் 60இல் ஓடும் வண்டி 2,000 வாட்மணிக்கு மேல் எடுக்கிறது. அந்த நூறில் ஒரு பங்குக்காக உயிரைப் பணயம் வைக்க வேண்டாம்.

மெதுவாகப் போவதற்கு மோட்டார் சைக்கிள் எதற்கு என்று கேட்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை. தூரம் போதுமானதாக இருக்கும் நாளில் நானும் விரைவாகத்தான் போகிறேன். லாரிகள் 80இல் போகும் சாலையில் 40இல் ஊர்ந்து போகச் சொல்லவும் இல்லை, அது ஆபத்து. பேட்டரி தேயவே தேயாது என்றும் நான் சொல்லவில்லை. ஆண்டுகள் செல்லச் செல்ல அதன் கொள்ளளவு குறையும். கடுங்குளிரில் உள்மின்தடை, அதாவது பேட்டரிக்குள்ளேயே மின்னோட்டத்துக்கு இருக்கும் தடை, கூடுவதால் தற்காலிகமாகவும் குறையும்.

குறை எங்கே இருக்கிறது என்பதைப் பிரித்தறிய வழி இருக்கிறது. ஒரே சாலையில், ஒரே வேகத்தில், சரியான காற்றழுத்தத்தோடு ஒரு வாரம் ஓட்டி, ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை வாட்மணி செலவாகிறது என்று வண்டியின் திரையிலிருந்து குறித்துக்கொள்ளுங்கள். இந்தச் செலவு முன்பு இருந்ததைவிடக் கூடியிருந்தால் காரணம் வேகம், காற்று, டயர், பிரேக் ஆகியவற்றில் ஒன்று. செலவு கூடாமல், முழு சார்ஜில் போகும் தூரம் மட்டும் குறைந்திருந்தால் பேட்டரியின் கொள்ளளவைச் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். என் தாளில், புறவழிச்சாலையில் 75இல் 60 வாட்மணி, 60இல் 42 வாட்மணி, பழைய ஊர்ச்சாலையில் முதல் ஆண்டில் இருந்த அதே 35 வாட்மணி என்று எழுதியிருந்தேன். அதை மேசைமேல் வைத்த பிறகுதான் பேட்டரியை மாற்றும் பேச்சை நிறுத்தினார்கள். அதே பேட்டரியோடு இன்று மூன்றாம் ஆண்டு ஓடிக்கொண்டிருக்கிறது.