கிருமியைக் கொல்லும் பூவில் பூஞ்சணம் எப்படி வந்தது?

கேள்வி: இருபது சென்டில் பந்தல் போட்டு அடுக்குச் சங்குப்பூ வைத்திருக்கிறேன். ஐப்பசியில் பறித்து, நிழலில் காயவைத்து, கவரில் கட்டிவைத்தேன். ஒரே மாதத்தில் வெள்ளையாகப் பூஞ்சணம், நிறமும் வெளுத்துவிட்டது. வியாபாரி திருப்பிவிட்டார். இந்தப் பூ கிருமியைக் கொல்லும் என்கிறார்களே, அப்புறம் எப்படி? எந்தப் பூஞ்சாணக்கொல்லி தெளிக்கலாம்? ஆன்டிஆக்ஸிடன்ட் கூட்டும் டானிக் என்று உரக்கடையில் ஒன்று தருகிறார்கள், வாங்கலாமா? கெட்ட பூவை மாட்டுக்குப் போடலாமா?
ஒட்டன்சத்திரம் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி

பதில்: எதையும் தெளிக்காதீர்கள். டீ போட்டுக் குடிக்கிற பூ. வெந்நீரில் நிறத்தோடு மருந்தும் சேர்ந்து இறங்கும்.

பூவின் அடிப்பகுதி காய்ந்ததா என்று பார்த்தீர்களா? இதழ் சீக்கிரமே அப்பளமாக நொறுங்கிவிடும், அதை நம்பித்தான் எல்லோரும் கட்டுகிறார்கள். ஈரம் ஒளிந்திருப்பது அடியில் உள்ள பச்சைக் கிண்ணத்தில். கிள்ளிப் பாருங்கள்: வளைந்தால் ஈரம், டக்கென்று ஒடிந்தால்தான் காய்ந்தது என்று அர்த்தம். ஐப்பசியில் நிழலுக்கே ஈரம் உண்டு; அதில் காய்ந்தது பாதிதான், மீதி கவருக்குள் வியர்த்திருக்கிறது.

கிருமியைக் கொல்லும் என்பது பொய்யில்லை. ஆய்வகத்தில் பூவை மெத்தனால் போன்ற கரைப்பான்களில் ஊறவைத்துச் சாறு இறக்கி, வற்றவைத்து, காகித வில்லையில் ஏற்றி, பாக்டீரியா வளரும் தட்டில் வைப்பார்கள். சுற்றிலும் வளையமாக வெறுமை தெரிந்தால் ஆற்றல் உண்டு என்று எழுதுவார்கள். அது செறிவான சாறு, எதிரி பாக்டீரியா. உங்கள் மூட்டையில் இருப்பது முழுப்பூ, வந்திருப்பது பூஞ்சை. ஆன்டிஆக்ஸிடன்ட் கதையும் அப்படித்தான்: டிபிபிஹெச் என்ற ஊதாக் கரைசல் சாறு பட்டு எவ்வளவு மஞ்சளாகிறது என்று அளக்கிறார்கள். குழாயில் நடந்தது வயிற்றிலும் நடக்கும் என்று அந்தச் சோதனை சொல்லவில்லை. அதனால் பாக்கெட்டில் 'சர்க்கரை குறையும்' என்றெல்லாம் அச்சடித்துவிடாதீர்கள். 2006 உணவுப் பாதுகாப்புச் சட்டம் பிடிக்கும்.

டானிக்கா? பூவின் ஆன்டிஆக்ஸிடன்ட்களில் ஒன்று அந்த நீலம்; டெர்னாட்டின் என்ற ஆந்தோசயனின் வகை நிறமி. செடி தானே செய்கிறது. அதைத் தொலைப்பது நாம், பறித்த பிறகு, வெயிலிலும் சூட்டிலும் ஈரத்திலும். கொட்டகையில் போனதை பாட்டிலால் நிரப்ப முடியாது. உள்ளே என்ன இருக்கிறது என்று கடைக்காரரைக் கேளுங்கள், பாதிப் பேர் விழிப்பார்கள். யூரியாவும் வேண்டாம், இது பயறு வகைக் குடும்பம். தொழுவுரமும், வேர் முடிச்சில் இருந்து காற்றின் தழைச்சத்தைப் பிடித்துத் தரும் ரைசோபியம் நுண்ணுயிர் உரமும் போதும்.

மூலிகைப் பூ போடுகிறவர் பந்தலுக்கு முன்னால் உலர்த்திக்குச் செலவு செய்ய வேண்டும் என்பது என் கட்சி. பத்து கிலோ பூவுக்கு ஒரு கிலோ அளவுதான் நிற்கும், அதையும் கெடுத்தால் என்ன மிச்சம்? பனி உலர்ந்த காலையில், மலர்ந்த அன்றே பறியுங்கள். வலைத்தட்டில் ஒற்றை அடுக்காகப் பரப்புங்கள். சூரிய உலர்த்தி என்றால் பூவின் மேல் கறுப்புத் துணி மறைப்பு கட்டாயம். 50 டிகிரி வாக்கில் சூடு, நல்ல காற்றோட்டம். ஈரப்பதம் பத்து சதவீதத்துக்குக் கீழே வந்ததும் வெளிச்சம் புகாத, இறுக்கமான டின்னில் அடையுங்கள். மறுநாள் திறந்து ஒரு பூவைக் கிள்ளிப் பாருங்கள். வளைந்தால் மறுபடி தட்டுக்கு.

மாட்டுக்குக் கொடியை வெட்டிப் போடுங்கள், நல்ல தீவனம். பூஞ்சணம் பிடித்த பூ மட்டும் வேண்டாம், உரக்குழியில் கொட்டிவிடுங்கள்.